வருஷக் கடைசியில் ஒரு பேர்

திருக்கோவிலூர்
9-12-1987

மேலேரிக்குப்பம் செவ்வந்தி அம்மாவுக்கு,

என் பெயர் இன்னாசி. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்ஸை ஓட்டியவன். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல் வாரத்தில் உங்கள் கரும்புக் கொல்லையில் முகம் உடைந்து கிடந்த ஆள் என்றால் தெரியும். நான் மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்தபோது வெளியிலிருந்து யாரோ செவ்வந்தி என்று உங்களைக் கூப்பிட்டார்கள். அதை வைத்துத்தான் இந்த விலாசம்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்குப் பழுதில்லை. இனி வண்டி ஓட்ட முடியாது என்று டெப்போ வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனாலும் உயிரோடு இருக்கிறேன். தாடை கூடிவிட்டது. போன வாரம்தான் முதல் தடவையாகச் சோற்றை மென்று தின்றேன். என் மனைவி மார்கரெட் எதிரே உட்கார்ந்து நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பிரேக்கை மிதிப்பதற்குள் முன்கண்ணாடி நொறுங்கி என் மடியில் கொட்டியது. ஜனங்களை இறங்கிப் போகச் சொன்னார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் அய்யனாரும் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிட்டார். கடைசியாக நான் இறங்கியபோது என்னைத் தெரிந்த எவனோ, “இவன் காலனிக்காரன்டா” என்றான். அதுவரை பஸ்ஸைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு என்னை அடித்தார்கள். ஒருவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கோடாலியின் பின்பக்கத்தால் முகத்தில் போட்டான். எப்படி எழுந்தேன், எப்படிக் கரும்புக்குள் ஓடினேன் என்று நினைவில்லை. எறும்பு மொய்க்க மொய்க்கக் கிடந்தேன். பஸ் எரிகிற வாடை அடித்தது. பிறகு உங்கள் முகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் தண்ணீர்ச் சொம்பை இடது கையால் நீட்டினீர்கள். என்னைப் போன்றவனுக்கு அது போதும் என்று நினைத்தீர்களோ என அந்த வலியிலும் ஒரு கணம் சுருக்கென்றது. அதே கையால்தான் என் முகத்து ரத்தத்தையும் துடைத்தீர்கள்.

எங்கள் கோயிலில் வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் நன்றிப் பூசை நடக்கும். வீட்டுக்கு ஒருவர் எழுந்து, அந்த வருஷம் கிடைத்த நல்லதைச் சொல்வார்கள். கிணறு ஊறியதைச் சொல்வார்கள், காய்ச்சல் விட்டதைச் சொல்வார்கள். போன வருஷம் என் மகள் டயானா பரீட்சையில் பாஸானதை நான் சொன்னேன். இந்த வருஷம் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். உங்கள் அனுமதி வேண்டும். என்னைச் சோளத்தட்டைக்கு அடியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரி வரை மாட்டுவண்டி ஓட்டிய தம்பியின் பெயரையும் எழுதுங்கள். கேட்க மறந்துவிட்டேன். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
இன்னாசி


மேலேரிக்குப்பம்
16-12-1987

டிரைவருக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் நேரே என் கையில் கொடுத்ததால் பிழைத்தேன். மாமியார் கையில் கிடைத்து, அவர் யாரிடமாவது கொடுத்துப் படித்திருந்தால் என் கதி வேறாக இருந்திருக்கும். இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுதாதீர்கள்.

வண்டி ஓட்டிய தம்பிக்கு நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். எங்கே போய்ச் சொல்ல? ஏரிக்கரையில் எரித்த இடத்தில் புல் முளைத்துவிட்டது.

அவன் பெயர் சின்னராசு. என் வீட்டுக்காரரின் தம்பி. உங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் ரோட்டில் போலீஸ் வந்து இறங்கியிருக்கிறது. கும்பல் கல் எறிந்திருக்கிறது. போலீஸ் சுட்டது. இவன் மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடலாம் என்று நுகத்தடியில் கை வைத்துக்கொண்டு நின்றானாம். கழுத்தில் பாய்ந்தது. மாடு வெறும் வண்டியோடு வீடு வந்து சேர்ந்தது. முதுகெல்லாம் ரத்தம். மாட்டுக்குத்தான் அடிபட்டது என்று நினைத்துக் காயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும் முன்னே போலீஸ் ஊருக்குள் புகுந்தது. கதவைத் தட்டவில்லை, உடைத்தார்கள். நெல்லில் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். அடுத்த வீட்டு அம்சவள்ளி பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள். அவளை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டார்கள். என் மாமியார் பாப்பாத்தியைப் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். என் வீட்டுக்காரர் ஆதிமூலத்தைப் பஸ் கேஸில் பிடித்துப் போனார்கள். உங்கள் பஸ்ஸுக்காகத்தான்.

நீங்கள் எங்கள் கொட்டகையில் கிடந்தது எனக்கும் சின்னராசுக்கும் மட்டுமே தெரியும். இப்போது எனக்கு மட்டும். அவன் மறியலுக்குப் போய்ச் செத்தான் என்று ஊர் நம்புகிறது. அவன் போட்டோவைப் போட்டுத் தியாகி என்று சுவரொட்டி அடித்து ஒட்டியிருக்கிறார்கள். மாமியார் தினமும் போய் அந்தச் சுவரைத் தடவிவிட்டு வருகிறார். உங்களைக் காப்பாற்றப் போய்ச் செத்தான் என்று அவரிடம் எந்த வாயால் சொல்ல?

என் பெயரைக் கோயிலில் சொல்லாதீர்கள். உங்கள் நன்றி எனக்கு வேண்டாம்.

எழுதியே தீர வேண்டும் என்றால், எங்கள் ஊர்ப் பால்வாடி டீச்சர் ஜெயசுதா பெயருக்கு எழுதுங்கள். அவர் பிரிக்காமல் கொடுப்பார்.

செவ்வந்தி


திருக்கோவிலூர்
21-12-1987

தங்கச்சி செவ்வந்திக்கு,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு டெப்போவுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. அந்தப் பிள்ளை என்னைத் தூக்கி இறக்கியபோது அவன் தோளில் என் ரத்தம் அப்பியது. துடைத்துக்கொள்ளச் சைகை காட்டினேன். வீட்டில் போய்க் கழுவிக்கொள்கிறேன் என்றான். அந்தச் சட்டையோடுதான் செத்தான் என்று இப்போது தெரிகிறது. ஒருவேளை போலீஸ் அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் சுட்டதோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் சாம்பல்தான். களமருதூர்ப் பக்கம் இருக்கிற என் அண்ணன் எட்வின் வீட்டை அதே வாரத்தில் கொளுத்தினார்கள். கட்டிப்போட்ட ஆடு கயிறோடு வெந்து கிடந்ததாம். அண்ணன் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறார். நான் உங்களுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான விஷயம். ஜனவரி நான்காம் தேதி கடலூர் ஜெயிலுக்கு வரச் சொல்லிச் சம்மன் வந்திருக்கிறது. பஸ் கேஸில் பிடித்தவர்களை வரிசையில் நிறுத்துவார்கள். என்னை அடித்தவனை நான் மாஜிஸ்திரேட் முன்னால் தொட்டுக் காட்ட வேண்டும். அந்த முகம் எனக்கு மறக்காது. இடது காது மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். அவர் உங்கள் வீட்டுக்காரர்தானா? ஆம் என்றால், நான் காட்ட மாட்டேன். அடையாளம் தெரியவில்லை, கண் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நீங்கள் எனக்கு உயிர் கொடுத்தீர்கள். நான் உங்கள் புருஷனைத் திருப்பித் தருகிறேன். வேறு எதைக் கொடுத்து என் நன்றியைக் காட்ட முடியும்?

இதை மார்கரெட்டிடம் சொன்னேன். “நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. அந்தம்மாவ ஒரு வார்த்த கேளுங்க” என்றாள். அதனால் கேட்கிறேன்.

இன்னாசி


மேலேரிக்குப்பம்
28-12-1987

அண்ணனுக்கு,

முதலமைச்சர் இறந்ததிலிருந்து பஸ்ஸும் இல்லை, தபாலும் இல்லை. திரும்பவும் ரோட்டில் கல்லும் நெருப்பும். உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. இதை டீச்சர் நாளை கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய்த் தபாலில் சேர்ப்பார். நான்காம் தேதிக்குள் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

காது கிழிந்தவர் என் வீட்டுக்காரர்தான். அன்றைக்குக் கோடாலியோடு வந்து தொட்டித் தண்ணீரில் அதைக் கழுவிவிட்டு, “சோறு போடு” என்றார். போட்டேன். தின்றுவிட்டுத் திரும்பவும் ரோட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் கரும்புச் சோகை பொறுக்கப் போய் உங்களைப் பார்த்தேன். யார் செய்த வேலை என்று தெரிந்துதான் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இடது கையால் கொடுத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். ஆடி மாதம் என் வலது மணிக்கட்டை உலக்கையால் அடித்து உடைத்தார். குழம்பில் உப்பு ஜாஸ்தி. மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முந்தானைக்குள் மறைத்திருந்தேன். அதை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நீங்கள் நினைத்ததிலும் தப்பில்லை. நல்ல கையோடு இருந்திருந்தாலும் உங்கள் முகத்தில் கை வைக்க யோசித்திருப்பேனோ என்னவோ. ரத்தத்தைப் பார்த்ததும் எதுவும் தோன்றவில்லை.

அதற்கு முந்தின வருஷம் ஐந்து மாதக் கருவோடு என்னைப் படியிலிருந்து தள்ளினார். அன்றைக்குக் குறுக்கே விழுந்து என்னைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் சின்னராசு. இந்த வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவனும் அவன்தான். மாமியார் கெட்டவர் அல்ல. அவரும் மாமனாரிடம் அடி வாங்கியே கிழவியானவர். அதனால் அடிப்பது ஆம்பிளைக்கு இயல்பு என்று இருந்துவிட்டார்.

உங்கள் கோயிலில் வருஷத்து நல்லதைச் சொல்வார்கள் என்றீர்களே. அதைப் படித்ததிலிருந்து எனக்கு என்ன கிடைத்தது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அவரைப் பிடித்துப் போன பிறகு ஒரு நாள் மல்லாந்து படுத்துத் தூங்கியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து முதுகைச் சுருட்டித்தான் தூக்கம். சோற்றை ஆவி பறக்கத் தின்றேன். வாசலில் நாய் குரைத்தாலும் எழுந்து உட்காரவில்லை. மணிக்கட்டு கூடி, கார்த்திகைக்கு என் கையாலேயே மாவு இடித்துக் கொழுக்கட்டை பிடித்தேன். உள்ளங்கையில் விரல் பதிந்த அந்த மாவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரே எரிந்து, சின்னராசு செத்து, தெருவில் ஆம்பிளைகளே இல்லாமல் போன இந்த வருஷத்தில்தான் எனக்கு இதெல்லாம் கிடைத்தது. இதற்கு யாருக்கு நன்றி சொல்ல? சொன்னால் நான் மனுஷிதானா?

அவரை எனக்குத் திருப்பித் தராதீர்கள். எனக்காகப் பொய் சொல்லாதீர்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அது போதும்.

கோயிலில் ஒரு பேரைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் சின்னராசு பேரைச் சொல்லுங்கள். சுவரொட்டியில் போட்டிருப்பது அவன் செய்ததல்ல. அவன் செய்தது ஓர் இடத்திலாவது கேட்கட்டும்.

செவ்வந்தி


திருக்கோவிலூர்
6-1-1988

தங்கச்சிக்கு,

உன் கடிதம் முப்பத்தோராம் தேதி மத்தியானம் கிடைத்தது. சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். முதலமைச்சருக்கான துக்கத்தால் மேளம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வெறும் குரலில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். இந்த வருஷம் சொல்ல நிறைய இல்லை. குடிசை எரிந்தும் குழந்தைகள் தப்பியதை ஒரு பெண் சொன்னாள்.

என் முறை வந்தது. நான் எழுந்து, மேலேரிக்குப்பம் சின்னராசு என்கிற பிள்ளை என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் உயிர் பிழைக்க வைத்தான், திரும்பும்போது சுடப்பட்டுச் செத்தான் என்றேன். எந்த ஜாதி என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. என் அண்ணன் எட்வின் எழுந்து, “என் வூட்ட கொளுத்தினவனுக்கு இங்க செபமா?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். மார்கரெட் முழங்காலில் இருந்தபடியே சின்னராசு என்று ஒரு தடவை சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு சாமியார் சொன்னார். புது வருஷத்தன்று அண்ணன் எங்களோடு சாப்பிடவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு களமருதூருக்கே போய்விட்டார், கூரையில்லாத வீட்டுக்கு. அவர் கோபத்தில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான்காம் தேதி கடலூருக்குப் போனேன். வரிசையில் உன் வீட்டுக்காரர் ஓரமாக நின்றார். காது தெரியாமலிருக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தார். மாஜிஸ்திரேட் அதை அவிழ்க்கச் சொன்னார். நான் ஒரு தடவை அவரைக் கடந்து போய்விட்டேன். கால் தானாகப் போய்விட்டது. பயம்தான், வேறொன்றும் இல்லை. வரிசை முடிகிற இடத்தில் நின்று, உன் மணிக்கட்டை நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்து அவர் தோளைத் தொட்டேன். “செத்துட்டன்னு நெனச்சேன்டா உன்ன” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை.

பார்த்ததைச் சொல்லிவிட்டேன். ஜாமீன் இப்போதைக்குக் கிடைக்காது என்கிறார்கள். உன்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. ஏதாவது நடந்தால் இங்கே வந்துவிடு. இது உன் அண்ணன் வீடு.

இன்னாசி


மேலேரிக்குப்பம்
18-1-1988

அண்ணனுக்கு,

நீங்கள் அடையாளம் காட்டியது வக்கீல் மூலம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு அடிபட்டவன் எப்படிப் பிழைத்தான், யார் ஆஸ்பத்திரியில் சேர்த்தது என்று பேச்சு கிளம்பியது. அடுத்தவர் வாயால் மாமியார் காதுக்குப் போவதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று, மாட்டுப் பொங்கலன்று கொட்டகையைக் கழுவும்போது சொன்னேன். எந்த மூலையில் உங்களைப் படுக்க வைத்தோம் என்றும் காட்டினேன்.

கையிலிருந்த துடைப்பத்தால் அடித்தார். துடைப்பம் பிய்ந்த பிறகு கையால் அடித்தார். நான் தடுக்கவில்லை. “எம் புள்ளைய நீதான்டி அனுப்பிச்ச, நீதான்டி சாவடிச்ச” என்று சொல்லிச் சொல்லி அடித்தார். என் கீழுதடு கிழிந்தது. கை ஓய்ந்ததும் மாட்டின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாடு அவர் தலையை நக்கியது.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சுவரொட்டியைப் பார்க்கவும் போகவில்லை. வீட்டுக்காரரின் பங்காளிகள் வந்து வாசலில் நின்று, “அவள வெளிய அனுப்பு, நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். கையில் தடி இருந்தது. மாமியார் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார். “அவளை அடிக்கணும்னா நான் அடிப்பேன். படியில வுழுந்தப்ப எம் புள்ள தூக்கிப் போன உசுரு அவ. போங்கடா” என்றார். போய்விட்டார்கள். திரும்பி வருவார்கள்.

நேற்றுச் சோறு தின்னும்போது என்னைப் பார்க்காமலே கேட்டார். “அந்த டிரைவரு கடேசியா அவன்கூட இருந்தவருதான? வண்டியில அவன் இன்னா பேசிக்கினு போனான்னு கேட்டு எழுது.”

கேட்டு எழுதுகிறேன். எதையும் கூட்டாமல் எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

செவ்வந்தி


திருக்கோவிலூர்
23-1-1988

தங்கச்சிக்கும், பாப்பாத்தி அம்மாவுக்கும்,

நினைவில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

வண்டி கிளம்பியதும் தம்பி என்னிடம் நேராகப் பேசவில்லை. ரோட்டில் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று மாட்டோடு பேசுவது போலப் பேசினார். “முனகாதண்ணே, மாடு மெரளுது” என்றார். வெட்டிப் போட்ட மரத்தண்டை நாலைந்து பேர் வண்டியை மறித்தார்கள். அக்கா வீட்டு மாட்டுக்குத் தட்டை கொண்டுபோவதாகத் தம்பி சொன்னார். ஒருவன் கழியால் தட்டைக்குள் குத்திப் பார்த்தான். என் விலாவில் இறங்கியது. என் கையை நானே கடித்துக்கொண்டேன். தம்பி பதறவில்லை. “பாத்து, கயிறு அவுந்துக்கப் போவுது” என்று சிரித்தபடி ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் அவர் உட்கார்ந்திருந்த பலகை நடுங்குவது எனக்குத் தெரிந்தது.

மலை தெரிகிற இடத்துக்கு வந்ததும் நடுக்கம் நின்றது. மலைமேல் வளைவில் பஸ்ஸைத் திருப்பும்போது பயமாக இருக்குமா என்று கேட்டார். முதலில் இருக்கும், பழகிவிடும் என்று உடைந்த தாடையோடு குழறினேன். போலீஸ் வேலைக்கு ஓட்டத்திலும் மார்பளவிலும் தேறியிருப்பதாகச் சொன்னார். “இந்தப் போராட்டம் முடிஞ்சா எங்களுக்கும் எடம் கெடைக்கும்ணே. உங்கள அடிச்சது தப்புதான், நாங்க கேக்கறது தப்பு இல்ல” என்றார். எனக்குக் கோபம் வந்தது. அப்படிச் சொன்னவர்தான் என்னைச் சுமந்துகொண்டு போனார். வேலை கிடைத்தால் அம்மாவையும் அண்ணியையும் கள்ளக்குறிச்சியில் தனி வீடு பார்த்து வைத்துக்கொள்வேன் என்றார். தன் அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிப் படியில் உட்கார வைத்தார். கொஞ்சம் இருந்து, டாக்டர் வந்த பிறகு போகலாம் என்று கையைப் பிடித்தேன். தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“அம்மா இன்னிக்கிக் கருவாட்டுக் கொழம்பு வெச்சிக்கினு இருக்குது. ஆறிப்போனா நல்லாருக்காதுண்ணே” என்றார்.

அதுதான் கடைசியாகப் பேசியது. வண்டியைத் திருப்பினார். போகும்போது என் காயம் குலுங்கக் கூடாது என்று பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டியவர், திரும்பும்போது மாட்டைத் தட்டி வேகமாக விட்டார்.

இன்னாசி